வால் வைத்த பிள்ளையார்

கொழும்பிலிருந்து வந்த ஆசிரியர் கைந்நூலை எழுதியவர் நல்ல மனிதராகத்தான் இருந்திருக்க வேண்டும். நான்காம் வகுப்புச் சித்திரப் பாடத்துக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் பன்னிரண்டு நிறப் பஸ்ரல், நிறக் கடதாசி, ஒரு சிறிய போத்தல் பசை, முனை மழுங்கிய கத்தரிக்கோல் என்று மனமிரங்கி எழுதியிருந்தார். தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு உரும்பிராயில் இருந்துகொண்டு அந்தப் பக்கத்தை வாசிப்பது, வெறும் வயிற்றோடு கல்யாண வீட்டுச் சமையல் பட்டியலை வாசிப்பது போல இருந்தது. போர்த் தடையால் உடுப்புத் தோய்க்கச் சவர்க்காரமே வராத ஊருக்குப் பஸ்ரல் மட்டும் எந்த வழியால் வரும்?

யசிந்தா ரீச்சர் இதற்கெல்லாம் மூக்கால் அழுகிற ஆள் இல்லை. குருநகர்க் கடற்கரையில் பிறந்த கத்தோலிக்கர். ஷெல்லடிக்கு வீட்டை விட்டு, தாய் லூர்த்தம்மாவைச் சைக்கிள் கரியரில் ஏற்றிக்கொண்டு உரும்பிராய்க்கு வந்து சேர்ந்தவர். இங்கே ஓர் அறை தேடி ஐந்து வீடு ஏறினார். முதல் நாலு வீட்டிலும் "வேதக்காரர், மீன் மச்சம் காய்ச்சுவினம்" என்று நயமாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஐந்தாவது வீட்டுக்காரருக்குக் காது சரியாகக் கேட்காது. மூக்கும் அப்படித்தான் என்பது ரீச்சரின் நம்பிக்கை.

பஸ்ரல் இல்லையென்றால் கரித்துண்டும் மஞ்சளும் செங்கல் தூளும் என்று அவர் பாடத்தைத் தொடங்கினார். வெண்டிக்காயை நறுக்கி நீலத்தில் தோய்த்துப் பூப்பூவாய் அச்சுக் குத்தினார்கள். அதில் மிஞ்சிய காயை யாரோ ஒரு பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோக, தாய்க்காரி கறி வைக்க, அந்த வீட்டுப் பாற்கறி நீலமாய்ப் போனதாக முறைப்பாடு வந்தது. கோதுமை மாவில் பசை காய்ச்சினார். கடதாசியில் ஒட்டியதைவிடப் பிள்ளைகளின் வயிற்றில் ஒட்டியதுதான் அதிகம். ஆகவே கடைசியில் களிமண்ணுக்கு வந்தார். களிமண்ணை ஒருவரும் தின்னமாட்டார்கள், அதை எந்தச் சோதனைச் சாவடியிலும் மறிக்கமாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு. கும்பிடுவார்கள் என்பது கணக்கில் இருக்கவில்லை.

"ஆளுக்கொரு தேங்காயளவு மண் கொண்டு வாங்கோ" என்றார். உரும்பிராய்ச் செம்மண் வெங்காயத்துக்குத் தங்கம், சிற்பத்துக்கு உதவாது. பிசைந்து வைத்தால் அடுத்த நாள் வெடித்துச் சிரிக்கும். எல்லாப் பிள்ளைகளும் அதைத்தான் கொண்டு வந்தார்கள். பின் வாங்கில் இருக்கிற அருந்ததி மட்டும் வைரவர் கோயிலுக்குப் பின்பக்கத்துப் புற்றில் ஒரு துண்டை உடைத்துக்கொண்டு வந்தாள். மா மாதிரி வழுவழுவென்ற மண். நல்ல மண் என்று ரீச்சர் பாராட்டினார். புற்றுமண்ணுக்கு இந்த ஊரில் தனி மரியாதை உண்டென்பது அவருக்கு எப்படித் தெரியும்? குருநகரில் மீன் தெரியும், வலை தெரியும், புற்றைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

அருந்ததி வெங்காயச் செய்கைக்காரர் பஞ்சலிங்கத்தின் மகள். கணக்கில் கொப்பி முழுக்கச் சிவப்புக் கோடு, வாசிக்கச் சொன்னால் கண்ணில் தண்ணீர். அவள் யானை செய்யப் போகிறேன் என்றாள். வகுப்பில் ஒரு பிள்ளையும் உயிருள்ள யானையைக் கண்டதில்லை. ஆனையிறவு என்று ஊருக்குப் பேர் வைத்ததோடு குடாநாட்டில் யானை விஷயம் முடிந்துவிட்டது. ஆனால் அருந்ததியின் தகப்பன் ஒருமுறை வன்னிக்கு வெங்காயம் விற்கப் போன இடத்தில் ஒன்றைக் கண்டிருந்தார். கண்டது அதன் பின்பக்கத்தை மட்டும். அது திரும்புவதற்குள் சைக்கிளைத் திருப்பிவிட்டார். அதனால் அவர் மகளுக்குச் சொன்னதெல்லாம் வாலைப் பற்றித்தான். அருந்ததியும் வாலில்தான் முழு மனதையும் வைத்தாள். நுனியில் தும்பு செருகி, அது ஒரு பக்கம் வீசி எறிந்தது போல, அப்படி ஒரு வால்.

முன்னங்கால் இரண்டும் பாரம் தாங்காமல் இரவோடிரவாக மடிந்துபோயின. காலையில் வந்து பார்த்தவள் வாய் திறந்து அழ ஆயத்தமானாள். "அழாதை. அதை இருத்திவிடு. நடந்து களைச்ச யானை" என்று சொன்னவர் யசிந்தா ரீச்சர்தான். அருந்ததி அதை இருத்தினாள், சரிந்த மண்ணை அள்ளி வயிற்றில் அப்பினாள். ஈர்க்குச் செருகிச் சுண்ணாம்பு பூசிய இரண்டு கொம்பு வைத்தாள். ரீச்சர் பத்துக்கு ஒன்பது போட்டு, துண்டில் 'யானை, அருந்ததி பஞ்சலிங்கம், ஆண்டு 4' என்று எழுதி, சனிக்கிழமை கோப்பாயில் நடக்கவிருந்த பள்ளிக் கொத்தணிச் சித்திரக் கண்காட்சிக்கென்று தன் மேசையில் வைத்தார். அன்றைக்கு அருந்ததி ஒன்பது தரம் வந்து அதைப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல் தரமாக அவளுடைய பேரைச் சிவப்புக் கோடு இல்லாமல் எழுதியிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் பொம்மர் விமானம் வந்தது. மாமரத்தடியில் வெட்டியிருந்த பங்கருக்குள் பிள்ளைகளைத் தள்ளிவிட்டு ரீச்சர் தலையை எண்ணினார். முப்பத்தொன்று. வகுப்பில் முப்பத்திரண்டு பேர். அந்த நேரம் அவர் கூப்பிடாத புனிதர் இல்லை. வெளியே பாயப் போனவரின் முழங்காலில் முட்டிக்கொண்டு அருந்ததி உள்ளே உருண்டு விழுந்தாள், சட்டைக்குள் யானை. விழுந்த வேகத்தில் மண்மூட்டையில் அடிபட்டு ஒரு கொம்பு முறிந்தது. "பயந்துபோச்சு ரீச்சர், அதுதான்" என்றாள். யார் பயந்தது என்று கேட்க நேரமில்லை. தோட்டப் பக்கம் எங்கேயோ குண்டு விழுந்து நிலம் தூக்கிப் போட்டது.

பொம்மர் போனதும் முதலில் வெளியே பாய்ந்தவள் அவள்தான். யானையைக் கொண்டுபோய் இருந்த இடத்திலேயே இருத்திவிட்டு, ஒன்றும் அறியாதவள் போல வந்து வரிசையில் நின்றாள். பொருளெடுக்கத் திரும்பிப் போனால் பள்ளிக்கூட அதிபரின் பிரம்பு பேசும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு பிள்ளையை விட்டுவிட்டு வந்த ஆசிரியைக்கும் அதே பிரம்பு வேறு வடிவத்தில் உண்டென்று ரீச்சருக்கும் தெரியும். ஆகவே இருவரும் வாயைத் திறக்கவில்லை.

பள்ளிக்கூடம் கூட்டுகிற பத்மாவதியக்கா விளக்குமாற்றோடு வகுப்புக்குள் போனார். கூரையில் பாதி ஓடு கீழே கிடந்தது. வாங்குகள் உடைந்திருந்தன. கரும்பலகை இரண்டாய்ப் பிளந்திருந்தது. ரீச்சர் பேர் எழுதி வைத்த துண்டு பறந்து எங்கேயோ போயிருந்தது. மேசையில் ஓட்டுத் துண்டுகளுக்கு நடுவில், தொந்தியும் தும்பிக்கையுமாக, ஒரு கொம்பு முறிந்தபடி, புற்றுமண் மேனியோடு ஆறுதலாக அது இருந்தது. பத்மாவதியக்காவின் கையிலிருந்த விளக்குமாறு விழுந்தது. அவர் தலையில் குட்டிக்கொண்டு மூன்று தோப்புக்கரணம் போட்டார். பிறகு முற்றத்தில் அறுகம்புல் பிடுங்கி அதன் தலையில் வைத்தார். அந்தப் புல்லோடு யானையின் வாழ்வு முடிந்தது.

அதிபர் அருளம்பலம் மாஸ்ரர் வந்தார். கெட்டவர் அல்ல, தேவாரத்தை நிறுத்தத் தெரியாதவர், அவ்வளவுதான். மேசையைச் சுற்றி ஒரு தரம் வந்தவர் பின்பக்கத்தில் நின்றுவிட்டார்.

"உதென்ன, வால்?"

"வாலில்லைச் சேர், அது மூஞ்சூறின்ரை வால்" என்றார் பத்மாவதியக்கா. "மூஞ்சூறு சாமிக்குக் கீழை ஒளிச்சிருக்குது. குண்டுக்குப் பயந்திருக்கும்."

அதிபர் கொஞ்சம் யோசித்தார். யானைக்கு வால் இருக்கலாம் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. அலுமாரியில் பூட்டி வைத்திருந்த கற்பூரத்தில் ஒரு வில்லையை எடுத்துக் கொளுத்தினார். கற்பூரம் பவுண் விலைக்கு விற்ற நேரத்தில் அப்படிச் செய்தாரென்றால் விஷயம் எவ்வளவு முற்றிவிட்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த நாள் காலை வகுப்பு மாமரத்தடிக்குப் போய்விட்டது. வகுப்பறையில் பால், பூ, கடலை. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போகவேண்டும் என்று கட்டளை. நாலாம் வகுப்பில் செருப்பு இருந்ததே இரண்டு பேருக்கு. ஊர் வரிசையில் வந்து கும்பிட்டது. பஞ்சலிங்கமும் வந்தார், தன் மகள் பிடித்த பிள்ளையார் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. மகள் அவருடைய சாரத்தைப் பிடித்திழுத்து ஏதோ சொன்னாள். "சும்மா இரு பிள்ளை, சாமிக்கு முன்னாலை" என்றார்.

அருந்ததி நேரே ரீச்சரிடம் வந்தாள். "ரீச்சர், அது யானையெண்டு சொல்லுங்கோ. நீங்கள்தானே துண்டிலை எழுதினனீங்கள்."

"பொறு பிள்ளை. பாப்பம்" என்றார் ரீச்சர். பார்ப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை, சொல்வதற்குத்தான் இருந்தது. ஒரு சைவப் பெண் சொன்னால் அது யானை. ஒரு வேதக்காரி சொன்னால் அது பிள்ளையார் நிந்தை. இந்த வித்தியாசத்தை எட்டு வயதுப் பிள்ளைக்கு எந்தக் கைந்நூலை வைத்து விளக்குவது?

அருந்ததிக்குப் பொறுமை இல்லை. பின்னேரம் தானாகவே அதிபரின் அறைக்குப் போய்விட்டாள். அவள் போவதைக் கண்டு ரீச்சரும் பின்னால் ஓடினார்.

"சேர், நான்தான் அதைப் பங்கருக்குள்ளை கொண்டு போனனான். கொம்பும் அங்கைதான் முறிஞ்சது. பிறகு கொண்டுவந்து வைச்சனான். அது யானை, சேர்." அடி வாங்க ஆயத்தமாக உள்ளங்கையையும் நீட்டினாள்.

அதிபர் அடிக்கவில்லை. அவருடைய கண் கலங்கிவிட்டது. "பொம்மர் சுத்தேக்கை ஒரு குஞ்சு திரும்பிப் போய்த் தூக்கியிருக்குது எண்டால், உன்னைக் கொண்டு அதைச் செய்விச்சது ஆர் மோனை?" என்றார்.

அருந்ததி நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். அதற்கு மேல் என்னதான் சொல்வது? எதைச் சொன்னாலும் அதையும் பிள்ளையார்தான் சொல்லவைத்தார் என்று முடித்துவிடுகிற மனிதரோடு கதைத்து வெல்ல ஆளில்லை.

"ரீச்சர், நீங்கள் கண்டனீங்களோ, உவள் கொண்டு வந்ததை?" என்று அதிபர் திரும்பிக் கேட்டார்.

"பங்கருக்குள்ளை இருட்டு, சேர்" என்றார் யசிந்தா ரீச்சர். "நான் வடிவாக் காணேல்லை."

அருந்ததி அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபமாகக்கூடப் பார்க்கவில்லை. ரீச்சருக்கு அதுதான் பொறுக்கமுடியாமல் இருந்தது.

வியாழன் காலை கோயில் முகாமையாளர் தம்பிராசா வந்தார். வெள்ளை வேட்டி, தங்கப்பல், எதையும் தீர்ப்பாகவே சொல்கிற வாய். பூசை கண்ட மண்பிள்ளையாரைக் கண்ட இடத்தில் வைத்திருக்கக் கூடாது, வெள்ளிக்கிழமை மேளத்தோடு கொண்டுபோய்க் கோயில் கேணியில் கரைக்கவேண்டும் என்றார். மாமரத்தடியில் இருந்த பிள்ளைகளுக்கும் கேட்கத்தக்கதாக இன்னொன்றும் சொன்னார்.

"உது யானை, பூனை எண்டு சில பேர் கதைக்கினமாம். கதைக்கிற ஆள் ஆராயிருந்தாலும் கல்விக் கந்தோரிலை மாற்றம் எடுத்துக் குடுக்க எனக்கு ஒரு நாள் காணும். பருத்தித்துறைப் பக்கம் போய் மீனோடை இருக்கட்டும். என்ன ரீச்சர், நீங்களும் பிள்ளையாரெண்டுதானே சொல்லுறியள்?"

ரீச்சரின் கண்ணுக்கு முன்னால் சைக்கிள் கரியரில் இருக்கிற தாயும், இன்னும் நாலு வீட்டு வாசலும் வந்து நின்றன.

"ஓம்" என்றார்.

பொறு என்றது ஒன்று, இருட்டு என்றது இரண்டு, ஓம் என்றது மூன்று. இயேசுவை மூன்றாம் தரம் மறுதலித்தபோது இராயப்பருக்குச் சேவலாவது கூவியது. உரும்பிராயில் சேவல்கூடக் கூவவில்லை. தம்பிராசா வெற்றிலையைத் துப்பிவிட்டுப் போனார்.

வாயால் சொல்லத் துணிவில்லாதவர்கள் கையால் ஏதாவது செய்து பார்ப்பார்கள். ரீச்சருக்கும் ஒரு யோசனை வந்தது, நல்ல யோசனை போலவும் இருந்தது. மிச்சம் முப்பத்தொரு பிள்ளைகளையும் மாமரத்தடியில் இருத்தி, "இண்டைக்கு எல்லாரும் யானை செய்யுங்கோ, இருக்கிற யானை, வாலோடை" என்றார். புற்றுமண்ணே எடுத்துக் கொடுத்தார். முப்பத்தொரு யானையை வரிசையாக வைத்தால் கண்ணுள்ள எவருக்கும் புரியும், இது நாலாம் வகுப்புக் கைவேலையென்று. பிறகு அவர் வாயைத் திறக்கவே தேவையில்லை. பிள்ளைகள் உற்சாகமாகச் செய்தார்கள். ஒன்றுக்குத் தும்பிக்கை நீளம், ஒன்றுக்குக் காது ஒன்று, ஒன்று அச்சொட்டாகப் பன்றி. பின்னேரம் அவற்றை வகுப்பறை வாசலில் அடுக்கிவிட்டு அதிபரைக் கூப்பிட்டார்.

அதிபர் வந்து பார்த்தார். உதடு அசைய எண்ணினார். எண்ணி முடித்து, உள்ளே மேசையில் இருந்ததையும் சேர்த்தார். அவருடைய முகம் மாறியது.

"முப்பத்திரண்டு" என்றார்.

"ஓம் சேர், வகுப்பிலை முப்பத்திரண்டு பிள்ளையள்."

"ரீச்சர், விநாயகருக்கு மூர்த்தம் எத்தினை தெரியுமோ? முப்பத்திரண்டு." அவர் ரீச்சரைக் கும்பிடாத குறை. "வேதத்திலை பிறந்த நீங்கள், உங்கடை கையாலை. இதையெல்லாம் ஆர் செய்விக்கினம்?"

யசிந்தா ரீச்சர் வாசல்படியில் இருந்துவிட்டார். பன்றியாவது தப்புமா என்று பார்த்தார். பத்மாவதியக்கா அதன் தலையிலும் ஓர் அறுகம்புல்லை வைத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை ஊர்வலம் புறப்பட்டது. முன்னால் மேளம், பின்னால் பலகையில் முப்பத்தொரு மூர்த்தம், நடுவில் குடை பிடிக்க அருந்ததியின் யானை. கடலையும் அவலும் கிடைக்கும் என்று கேள்விப்பட்ட பிள்ளைகளுக்குத் தங்கள் கைவேலை கரையப் போவதைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. அருந்ததி மட்டும் வாயில் ஒன்றும் போடாமல் நடந்தாள். ரீச்சர் அவளுக்குப் பக்கத்தில் நடந்தார். வழி முழுக்க அவள் யானையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கேணிப் படியில் குருக்கள் மந்திரத்தைச் சுருக்கமாக முடித்தார். அவருக்கு வேறு இரண்டு வீட்டில் திவசம் இருந்தது. முப்பத்தொன்றும் தண்ணீருக்குள் போயின. கடைசியாக, "பிடிச்ச பிள்ளையே இதை விடட்டும்" என்று யானையைத் தூக்கி அருந்ததியின் கையில் கொடுத்தார். அவள் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியில் நின்றாள். இறங்கவில்லை. பின்னால் சனம் முணுமுணுத்தது. தகப்பன், "இறங்கு பிள்ளை" என்றார். அவள் இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

யசிந்தா ரீச்சர் மூன்று நாளாய்ச் சொல்லாமல் வைத்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது.

"அது யானை" என்றார். மேளம் நின்றது. "அது பிள்ளையாரில்லை. நான் யானை செய்யச் சொன்னனான், அவள் யானை செய்தவள். நான்தான் அதை இருத்தச் சொன்னனான். பங்கருக்குள்ளை அவள் கொண்டு வந்ததை நான் கண்டனான், சேர். உங்களுக்குப் பொய் சொன்னனான். அது அவளின்ரை யானை. அவளிட்டைக் குடுங்கோ."

முழுவதையும் சொல்லி முடித்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவருக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. பருத்தித்துறையென்றால் பருத்தித்துறை. அம்மாவுக்கு மீனாவது மலிவாய்க் கிடைக்கும்.

தம்பிராசாவின் தங்கப்பல் உள்ளே போய்விட்டது. "கேட்டியளோ?" என்று சனத்தைப் பார்த்தார். "நான் அண்டைக்கே சொன்னனான். எங்கடை சாமியைக் கேணிக்கரையிலை வைச்சு..."

சனம் முன்னால் நெருக்கியது. அதிபர் இரண்டு கையையும் உயர்த்தி அதை நிறுத்தினார். அவர் குழம்பிப்போயிருந்தார், எதையும் நியாயமாகக் கேட்டு முடிக்கவேண்டும் என்ற மாஸ்ரர் புத்தி மட்டும் மிஞ்சியிருந்தது. படியில் குந்தி, அருந்ததியின் முகத்துக்கு நேரே கேட்டார்.

"பயப்பிடாமல் சொல்லு மோனை. நீ செய்தது என்ன?"

அருந்ததி கையில் இருந்ததைப் பார்த்தாள். பிறகு தம்பிராசாவைப் பார்த்தாள். மாமரத்தடியில் இருந்து அவர் சொன்னதைக் கேட்ட பிள்ளைதானே. கடைசியாக யசிந்தா ரீச்சரைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் பார்த்தாள். சொல்லு, சொல்லு என்று ரீச்சர் தலையை ஆட்டினார்.

"பிள்ளையார், சேர்" என்றாள் அருந்ததி. "ரீச்சர் வேதமெல்லோ. அவவுக்கு எங்கடை சாமியளை ஆரெண்டு தெரியாது."

குருக்கள்தான் முதலில் சிரித்தார். அவரைப் பார்த்து அதிபர், அதிபரைப் பார்த்து பஞ்சலிங்கம், பிறகு கேணிக்கரை முழுக்க. பாவம், அவவுக்கு எப்பிடித் தெரியும் என்றார்கள். தம்பிராசாவும் வேறு வழியில்லாமல் பல்லைக் காட்டினார். மேளம் மறுபடி தொடங்கியது. அந்த இரைச்சலுக்குள் அருந்ததி ஒவ்வொரு படியாக இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நின்று, இரண்டு கையாலும் யானையைத் தாழ்த்தினாள். புற்றுமண் மெல்லத்தான் கரையும். முழுவதும் கரையும்வரை அவள் கையை எடுக்கவில்லை.

ஏறி வந்தபோது ரீச்சர் அவளுக்கு முன்னால் முழங்காலில் இருந்து, ஈரச் சட்டையோடு நின்றவளைக் கட்டிக்கொண்டு அழுதார். மூன்று நாளாய் அவர் செய்யாததை இந்தப் பிள்ளை ஒரு வசனத்தில் செய்துவிட்டாள், அதற்குத் தன் யானையையும் கொடுத்துவிட்டாள். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

"அழாதேங்கோ ரீச்சர்" என்று அருந்ததி காதுக்குள் சொன்னாள். "ஆக்கள் பாக்கினம்."

ஆட்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். வேதக்கார ரீச்சரே பிள்ளையாருக்கு முன்னால் முழங்காலில் விழுந்து அழுதுவிட்டா என்று அன்று பின்னேரத்துக்குள் கோப்பாய் வரைக்கும் கதை போய்விட்டது. அதிபர் அதை முப்பத்து மூன்றாவது அற்புதம் என்றார்.